ஈரத்துக்கு எத்தனை ஆண்டு?

இந்த நாட்டில் கஞ்சாவை மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க ஒரே ஒரு தரப்புக்குத்தான் சட்டம் இடம் கொடுக்கிறது. அது காவல் துறை. பூவைப் பக்குவமாக உலர்த்தத் தெரியாதவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுத்தால் அதிலும் முதல் பெயர் அவர்களுடையதாகவே இருக்கும். தெரியாதது குற்றமில்லை. ஆனால் அந்தத் தெரியாமையைத் தராசில் ஏற்றி, கிலோ கணக்குப் பார்த்து, எதிரில் நிற்பவனின் ஆயுளிலிருந்து பத்தாண்டு கழிக்கிறார்களே, அதைப் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பூவுக்குரிய மரியாதையைச் செய்துவிடுவோம். அமெரிக்காவில் 2018-ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் வந்தபின், கஞ்சா இனத்திலேயே போதை குறைந்த ஹெம்ப் செடியை விவசாயிகள் வெளிப்படையாகப் பயிரிட்டார்கள். கென்டக்கியில் புகையிலைக்காகக் கட்டிய பழைய கொட்டகைகளிலேயே அதைத் தொங்கவிட்டார்கள். அறுத்த பூவில் முக்கால் பங்கு, சில நேரம் அதற்கும் மேல், வெறும் தண்ணீர். அதைக் கிளையோடு தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். வெயில் படக் கூடாது. வெப்பம் 15 முதல் 21 டிகிரிக்குள், காற்றின் ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். காற்று ஓட வேண்டும், ஆனால் பூவின் மேல் நேராக வீசக் கூடாது. இப்படிப் பத்து நாள், பதினான்கு நாள். சின்னக் குச்சியை மடக்கினால் வளையாமல் படக்கென்று ஒடிய வேண்டும். அதுதான் பதம்.

அவசரப்பட்டுச் சூடு காட்டினால் மணம் பறந்துவிடும். பூவின் மேல் நிற்கும் நுண்ணிய சுரப்பிகளில்தான் மிர்சீன், லிமோனீன், பைனீன் என்கிற வாசனைப் பொருள்கள் இருக்கின்றன. லேசானவை முதலில் கிளம்பிவிடும். மிஞ்சுவது வைக்கோல் வாடை. மெத்தனமாக விட்டால் சாம்பல் பூஞ்சை பிடிக்கும். ஈரத்தோடு அடைத்துக் கட்டினால் அமோனியா நெடி அடிக்கும். பூவில் கடைசியாக நிற்க வேண்டிய ஈரம் பத்துப் பன்னிரண்டு சதவீதம். அதன்பின் கண்ணாடி ஜாடியில் போட்டு, தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து மூடி, வாரக்கணக்கில் பதப்படுத்துவார்கள். அந்த நாட்டுச் சட்டமும் இந்தச் சூட்சுமத்தை மதித்தது. எது ஹெம்ப், எது போதைச் செடி என்று பிரிக்க போதை தரும் டிஹெச்சி 0.3 சதவீதம் என்று ஒரு கோடு போட்டது. அந்தக் கோட்டையும் உலர்ந்த எடையில்தான் போட்டது. தண்ணீரைக் கழித்துவிட்டுப் பேசு என்று சட்டமே சொல்லிவிட்டது.

இனி நம் ஊர்ச் சட்டத்துக்கு வருவோம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா என்றால் அந்தச் செடியின் பூத்த அல்லது காய்த்த நுனி. பச்சையா, காய்ந்ததா? சட்டம் வாய் திறக்கவில்லை. 2001 அக்டோபரில் வந்த அறிவிக்கை அளவுகளைக் கொடுத்தது. ஒரு கிலோ வரை சிறிய அளவு, அதிகபட்சம் ஓராண்டு. வணிக அளவு 20 கிலோ. அந்த எல்லையைத் தாண்டினால் குறைந்தது பத்தாண்டு, அதிகபட்சம் இருபதாண்டு, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம். ஜாமீனும் லேசில் கிடையாது. குற்றம் செய்திருக்க மாட்டார் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்கே தோன்ற வேண்டும். சிறிய அளவுக்கும் வணிக அளவுக்கும் இடைப்பட்டால் தண்டனை பத்தாண்டு வரை. குறைந்தபட்சம் என்று ஒன்று கிடையாது. ஆக, 20 கிலோ என்பது ஒரு மனிதனின் இளமைக்கும் முதுமைக்கும் நடுவில் நட்ட எல்லைக்கல். அந்தக் கல்லை நட்டவர்களுக்குத் தண்ணீருக்கும் எடை உண்டு என்பது மறந்துவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் போடும் கணக்குதான். காய்ந்தும் காயாமலும் அமுக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, பழுப்பு டேப் ஒட்டிய பொட்டலங்கள் மொத்தம் 22 கிலோ. அதில் ஈரம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் போனால் மிஞ்சுவது பதினாறரை கிலோ. ஒழுங்காக உலர்ந்த பூவில் நிற்க வேண்டிய பத்து சதவீத ஈரத்தைத் திரும்பச் சேர்த்தாலும் பதினெட்டு கிலோவும் கொஞ்சமும்தான். எல்லைக்கல்லைத் தாண்டவில்லை. முற்றிலும் பச்சையாக இருந்திருந்தால் அந்த 22 கிலோ, உலர்ந்தபின் ஐந்தாறு கிலோவில் வந்து நிற்கும். அதே பூ, அதே பை, அதே ஆள். வெயிலில் நாலு நாள் கிடந்தால் ஒரு தண்டனை, மழையில் நனைந்தால் இன்னொரு தண்டனை. குற்றத்தின் கனத்தை வானிலை ஆய்வு மையம்தான் முடிவு செய்ய வேண்டும்.

கலப்படம் செய்த போதைப்பொருளில் போதையே இல்லாத கலவைப் பொருளின் எடையையும் சேர்த்துத்தான் அளவைக் கணக்கிட வேண்டும் என்று 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு ஈரத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் தராசுத் தட்டில் ஏறியதெல்லாம் குற்றம் என்கிற மனப்போக்கு எங்கே போய் நிற்கும் என்று ஊகிக்கப் பெரிய சட்ட ஞானம் தேவையில்லை.

ஈரம் என்றால் என்னவென்றே அரசாங்கத்துக்குத் தெரியாது போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டுவிட வேண்டாம். தெரியும். தசமப் புள்ளி வரை தெரியும். டெல்டாவில் எந்த நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். அங்கே ஈரப்பதம் பார்க்கும் கருவி, கோயில் கருவறையில் வைக்க வேண்டிய பொருள். 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நெல்லைத் திருப்பிக் கொண்டுபோய்க் காயவை என்று சொல்லிவிடுவார்கள். மழையில் எங்கே காயவைப்பது? தார்ச்சாலையில். சாலையில் கொட்டிய நெல் மேல் லாரி ஏறும், மேலே மேகம் கூடும், குவியலில் முளை கிளம்பும். ஈரப்பத வரம்பைத் தளர்த்துங்கள் என்று கோட்டையிலிருந்து தில்லிக்குக் கடிதம் போகும். தில்லியிலிருந்து குழு வரும். குழு நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கும், பைகளில் மாதிரி எடுக்கும், ஆய்வுக்கு அனுப்பும். இரண்டு மூன்று சதவீத ஈரத்துக்கு இத்தனை விமானப் பயணம்.

பாருங்கள், அரசாங்கம் பணம் கொடுக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் தண்ணீராகவே தெரிகிறது. தண்ணீருக்கு விலை தரமாட்டோம் என்கிறார்கள். தண்டனை கொடுக்கிற இடத்தில் மட்டும் அதே தண்ணீர் கஞ்சாவாகிவிடுகிறது. நெல் மூட்டையின் ஈரம் விவசாயியின் நஷ்டம். கஞ்சா மூட்டையின் ஈரம் சுமந்து வந்தவனின் ஆண்டுகள். இரண்டு கணக்கிலும் கழிபடுவது ஒரே வர்க்கம்தான். ஆந்திர, ஒடிசா எல்லையில் ஏறி நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் பிடிபடுபவன் பெரும்பாலும் கூலிக்குச் சுமக்கிறவன். முதலாளி ஒருநாளும் மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு ரயில் பொதுப்பெட்டியில் உட்காருவதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கி, தமிழகக் காவல் துறையினர் 'கஞ்சா வேட்டை' என்று அடுத்தடுத்துச் சோதனைகள் நடத்தினார்கள். வேட்டை என்ற பிறகு வலையில் மான் விழுந்தது, புலி விழவில்லை என்று குறைசொல்லக் கூடாதுதான்.

இதைவிட வெள்ளைக்காரன் நியாயஸ்தனாக இருந்தான் என்று எழுத நேர்வதுதான் வயிற்றெரிச்சல். அன்றைய வங்காளத்தில், இன்று வங்கதேசத்தில் இருக்கிற நவ்காவ், கஞ்சாவுக்கே பேர்போன இடம். அங்கே உரிமம் பெற்றுப் பயிரிட்டார்கள். அறுத்த செடியை வெயிலில் வாடவிட்டு, காலால் மிதித்துத் தட்டையாக்கி, அரசுக் கிடங்கில் வைத்தார்கள். 1917-இல் பயிரிட்டவர்களின் கூட்டுறவுச் சங்கமே அமைந்தது. அங்கே வரி போட்டவன் தட்டைக் கஞ்சாவுக்கு ஒரு விகிதம், உருண்டைக் கஞ்சாவுக்கு ஒரு விகிதம், குச்சி நீக்கிய தூளுக்கு ஒரு விகிதம் என்று பிரித்தான். குச்சிக்குப் பூவின் வரி போடக் கூடாது என்கிற அளவுக்காவது அந்தக் கொள்ளைக்காரனுக்குக் கணக்கு தெரிந்திருந்தது. காசு விஷயம் அல்லவா! மனுஷ ஆயுள் விஷயம் என்றால் அவனும் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டான்.

சரி, சட்டபூர்வமாக ஹெம்ப் பயிரிட்டு, கென்டக்கிக்காரனைப் போல நாமும் பூவைப் பக்குவமாக உலர்த்தலாமே என்று கேட்கலாம். 2018-இல் உத்தராகண்ட் மாநிலம் உரிமம் கொடுக்கத் தொடங்கியது. நாருக்கும் விதைக்கும் பயிரிடச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 2021-இல் ஹெம்ப் விதையும் விதை எண்ணெயும் உணவு என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்றுக்கொண்டது. இலையை அரைத்த பாங்கை ஜெய்சால்மரில் அரசு உரிமம் பெற்ற கடையிலேயே குடிக்கலாம். ஆக, தண்டு தொழில், விதை உணவு, இலை பண்டிகை. நடுவில் பூத்தால் மட்டும் கஞ்சா. அந்தப் பூவில் போதை எத்தனை சதவீதம் என்று அந்த வரையறை கேட்பதில்லை. பூக்காமல் விதை வைக்கும் செடியைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை மலைக்காட்டு விவசாயியிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

இத்தனை புனிதமான பூவைக் கைப்பற்றிய பிறகாவது பத்திரமாக வைக்கிறார்களா? திருட்டுப் போகலாம், பொருளை மாற்றி வைக்கலாம், சேமிக்க இடமில்லை, ஆகவே சீக்கிரம் மாதிரி எடுத்து அழித்துவிடுங்கள் என்று சட்டத்தில் 52ஏ என்று ஒரு பிரிவே இருக்கிறது. பிடித்து வைத்த இடத்திலேயே திருட்டுப் போகும் என்று சட்டம் தன் வாயால் ஒப்புக்கொண்ட அரிய பிரிவு அது. 2016-இல் உச்ச நீதிமன்றமும் கிடங்குகளின் லட்சணத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு உத்தரவுகள் போட்டது.

அதன் பிறகுதான் நம் சென்னையில் அந்த உலக சாதனை. 2020-இல் மெரினா காவல் நிலையத்தார் இரண்டு பேரிடம் 22 கிலோ கஞ்சா பிடித்ததாக வழக்கு. ஆய்வுக்கு 50 கிராம், நீதிமன்றத்துக்கு 50 கிராம். மீதி 21.9 கிலோ எங்கே? எலி தின்றுவிட்டது. 2023 ஜூலையில் சிறப்பு நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. எவ்வளவு தேர்ந்த கை உலர்த்தினாலும் பூவின் எடை எண்பது சதவீதம்தான் குறையும். நம் காவல் நிலையத்தில் 99.5 சதவீதம் குறைந்திருக்கிறது. மணத்தைப் பாதுகாக்க முடிந்ததா என்று குறிப்பில்லை.

இது நம் ஊர்ப் பெருமை மட்டும் அல்ல. முந்தைய ஆண்டு மதுராவில் இரண்டு காவல் நிலையங்களில் இருந்த 581 கிலோவை எலிகள் ஒழித்துவிட்டதாகக் காவல் துறையே நீதிமன்றத்தில் சொன்னது. அர்ஜென்டினாவிலும் 2018-இல் போலீஸ்காரர்கள் 540 கிலோவுக்கு எலிமேல் பழி போட்டார்கள். அங்கே நிபுணர்கள் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: இவ்வளவு தின்ற எலி கிடங்கிலேயே செத்துக் கிடக்க வேண்டுமே, பிணம் எங்கே? அந்தப் போலீஸ்காரர்களுக்கு வேலை போயிற்று.

நான் கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. பள்ளிக்கூட வாசலில் விற்பவனைப் பிடித்து உள்ளே தள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் எடையை வைத்துத்தான் ஆண்டைத் தீர்மானிப்பது என்று சட்டம் முடிவு செய்துவிட்டால், அந்த எடை உலர்ந்த எடையாக இருக்கட்டும். நீதிபதி முன்னிலையில் மாதிரி எடுக்கும்போதே ஈரத்தையும் அளந்து எழுதட்டும். கருவிக்கு டெண்டர் விட வேண்டாம். அறுவடை முடிந்ததும் கொள்முதல் நிலையத்தில் சும்மா கிடக்கும்; இரவல் வாங்கிக்கொள்ளலாம். விவசாயியை விரட்டிய கருவி ஒரு தடவையாவது ஏழை பக்கம் சாட்சி சொல்லிவிட்டுப் போகட்டும்.

அதைச் செய்யாத வரை, இந்தச் சட்டத்தின் முன் கூலிக்குச் சுமந்தவனுக்கு வாய்த்த ஒரே வக்கீல் எலிதான். ஃபீஸ் கேட்காத வக்கீல், வாய்தா வாங்காத வக்கீல். வழக்குச் சொத்தை வயிற்றில் போட்டுக்கொண்டு விடுதலை வாங்கித் தரும் வக்கீல். அந்த வக்கீலையும் ஒழித்துக்கட்டச் சொல்லி மதுரா நீதிமன்றம் உத்தரவு போட்டுவிட்டது.