‘ஒரே ஒரு வாய்’: சொல்லும் பொருளும்

தமிழ்நாட்டு வீடுகளில் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்குச் சோறூட்டும் தாய்மார், தட்டில் பாதிக்கு மேல் எஞ்சியிருக்கும்போதே சொல்லத் தொடங்கி, தட்டைக் கழுவப் போடும்வரை ஓயாமல் சொல்லும் ‘ஒரே ஒரு வாய்’ என்னும் தொடர், இதுகாறும் இலக்கண அறிஞர் கண்ணில் படாமற்போனது வியப்பிற்குரியது. ஏட்டில் ஓர் ஒற்று மிகுமா மிகாதா என்று முப்பது ஆண்டுகள் வழக்காடும் புலமை மரபு, தன் வீட்டுக் கூடத்திலேயே நாளுக்கு மூன்று வேளை ஒலிக்கும் தொடரைச் செவிமடுக்காமைக்கு, அவ்வேளைகளில் அம்மரபு நாளிதழ் படித்துக்கொண்டிருந்தது என்பதன்றி வேறு காரணம் புலப்படவில்லை.

முதற்கண் ‘வாய்’. இங்கு இச்சொல் உறுப்பைக் குறியாது, அவ்வுறுப்பினுள் செல்லவேண்டிய பருப்புச்சாத உருண்டையைக் குறித்தலின் ஆகுபெயர் என்க. உறுப்பின் பெயர் உணவிற்கு ஆயினமையின் சினையாகுபெயர் என்பாரும், உணவு தங்கும் இடத்தின் பெயர் உணவிற்கு ஆயினமையின் இடவாகுபெயர் என்பாரும் உளர். உருண்டை அவ்விடத்தில் தங்குவதே இல்லை, உடனே துப்பப்படுகிறது என்பதால் பின்னவர் கொள்கை வலுவிழக்கிறது. இனி இதனை முகத்தலளவையாகக் கொள்ளலாமோ எனின், இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்ற வாய்பாட்டில் வாய்க்கு இடமில்லை. மேலும் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் நெல்லிக்காய் அளவிருக்கும் வாய், பள்ளி வேன் தெருமுனையில் ஒலி எழுப்பும் காலை எட்டேகாலுக்கு எலுமிச்சை அளவாகிறது (பாட்டியார், வாய்மொழி).

அடுத்து ஆய்வின் உயிர்நாடியாகிய ‘ஒரே’. இச்சொல்லின் ஈற்றிலுள்ள ஏகாரம் எத்தகையது என்பதே இத்துறையின் தலையாய சிக்கல். தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஏகாரம் ஐந்து பொருளில் வரும் என்பது தொல்காப்பியத்தின் முடிபு. இவற்றுள் தேற்ற ஏகாரமாவது, ஐயமறத் துணிந்து கூறுவது. தாய் முதன்முறை ‘ஒரே ஒரு வாய்’ என்னும்போது அது தேற்றமாகத்தான் ஒலிக்கிறது. பிள்ளையும் அதை நம்பியே வாயைத் திறக்கிறது. ஆனால் அதே துணிவோடு அதே தொடர் ஏழாம் முறையும் கூறப்படுதலின், தேற்றம் தேறாது. பலவற்றுள் ஒன்றைப் பிரித்துக் காட்டும் பிரிநிலையோ எனின், பிரித்துக் காட்டப்பட்ட அந்த ஒன்று உள்ளே சென்றபின் அதன் இடத்தில் அதனைப் போன்றே மற்றொன்று வந்து நிற்பதால், எதனை எதனின்று பிரித்தது என்பது விளங்காது. வினாவோ எனின், தாய் வினவவில்லை. எனினும் பிள்ளை அதனை வினாவாகவே கொண்டு ‘வேணாம்’ என்று விடையிறுப்பதால், கேட்போர் நிலையில் வினா எனக் கூறுவார் கூற்றையும் முற்றத் தள்ளுதற்கில்லை. இனி மண்ணே, நீரே, தீயே என ஒவ்வொன்றாய் எண்ணிச் செல்லும்போது வருவது எண்ணேகாரம். ‘அம்மாவுக்கு ஒரே ஒரு வாய், அப்பாவுக்கு ஒரே ஒரு வாய், ஊரிலிருக்கும் மாமாவுக்கு ஒரே ஒரு வாய், மாமா வீட்டு நாய்க்குட்டிக்கு ஒரே ஒரு வாய்’ என்று உறவுமுறை விரியும் இடத்து இது எண்ணேகாரமே என்று திண்ணை மரபினர் நிறுவியுள்ளனர். இவ்வழி நோக்கின், உறவினர் மிகுந்த குடும்பத்துப் பிள்ளை பருத்திருத்தல் வேண்டும்; அவ்வாறு இல்லாமை பற்றி மறுப்பும் எழுந்துள்ளது (பாட்டியார், திண்ணைப் பதிப்பு, மாலைக் கூற்று; அதனை மறுத்துத் தாத்தா இருமிய இரண்டாம் இருமல்; அவ்விருமலுக்கு அத்தையார் வரைந்த கண்சாடை விளக்கம், அச்சேறாதது, சமையலறை வாசலில் மட்டும் காணக்கிடைப்பது). எஞ்சியது ஈற்றசை, அதாவது பொருளின்றி ஈற்றில் வெறும் அசையாய் வருவது. மூன்று வயது கடந்த பிள்ளைகள் அனைவரும் இக்கொள்கையினரே.

பிள்ளையைக் கெஞ்சி ஊட்டும் இவ்வழக்கத்தின் தொன்மைக்கு நற்றிணையின் 110ஆம் பாடல் சான்று. போதனார் பாடிய அப்பாடலில், தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஒரு கையிலும், பூச்சுற்றிய சிறுகோலை மறு கையிலும் ஏந்திய நரைகூந்தற் செவிலியர், உண்ண மறுத்துப் பந்தலுக்கு ஓடும் சிறுமியைத் தொடர்ந்து ஓடி இளைத்து நிற்கின்றனர். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது என்று இன்றைய மருத்துவர் வலியுறுத்துவர் எனினும், இப்பிள்ளை சிலம்பொலிக்க ஓடும் பருவத்தது ஆதலின் செவிலியர்மேல் குற்றமில்லை. ஆய்வாளர் ஊன்றி நோக்கவேண்டியது, பொற்கிண்ணமும் தேனும் கோலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்களும் இருந்தும் அன்று அந்தப் பால் உள்ளே செல்லவில்லை என்பதே. புறநானூற்றின் 188ஆம் பாடலோ, நெய்ச்சோற்றைத் துழாவி மேனியெல்லாம் சிந்தும் பிள்ளையின் அழகைப் போற்றுவது. பாடிய அறிவுடை நம்பி பாண்டிய மன்னன். தரையைத் துடைத்தது யார் என்பதற்கு அப்பாடலில் குறிப்பில்லை.

பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் எனத் தொடங்கிக் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்தும், அவற்றுள் ஊட்டற்பருவம் என ஒன்று இல்லாமை பெருங்குறை. கைதட்டலுக்கு ஒரு பருவம் கண்ட புலவர், இலை போட்டபின் உண்ண அழைக்கப்பட்டுவந்தவர் ஆதலின், சோறு வாய்க்குள் தானாகவே செல்லும் என்று கருதியிருத்தல் கூடும். அம்புலிப் பருவத்தில் நிலவைக் குழந்தையோடு விளையாட அழைப்பதற்குச் சாம, பேத, தான, தண்டம் என்னும் நான்கு உபாயங்களையும் அவர்கள் கையாண்டனர். தாய்மார் அந்நான்கையும் அதே நிலவைக் காட்டிப் பிள்ளையின்மேலேயே செலுத்துவர்: ‘என் ராசா அல்லவா’ என்பது சாமம், ‘இதைக் காக்காவுக்குக் கொடுத்துவிடுவேன்’ என்பது பேதம், அப்பளம் தானம், பூச்சாண்டி தண்டம். கைபேசி ஐந்தாம் உபாயம். எல்லா வீட்டிலும் உண்டு, எவரும் ஒப்புக்கொள்வதில்லை.

பிள்ளைகளின் தற்காப்பு முறைகளுள் தண்ணீர் கேட்டல், தும்மல், திடீர்ச் சிறுநீர் ஆகியன யாவரும் அறிந்தவை. கன்னச் சேமிப்பு மட்டும் விளக்கத்திற்குரியது: உருண்டையை விழுங்காமலும் துப்பாமலும் ஒரு கன்னத்தில் அடக்கி, ‘ஆ காட்டு’ என்றால் மறுகன்னத்தைக் காட்டுவதாம்.

6 முதல் 23 மாதம் வரையிலான குழந்தைகளின் இணை உணவு பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குழந்தையின் பசிக்குறிப்பையும் நிறைவுக்குறிப்பையும் அறிந்து அதற்கேற்ப ஊட்டவேண்டும் என்கிறது. பிள்ளை முகத்தைத் திருப்பினால் போதும் என்று பொருள் என்பதைத் தாய் அந்நூலைப் படியாமலே அறிவாள். ஆயினும் கூடத்திலிருந்து ‘பிள்ளை இளைச்சுப் போச்சே’ என்று மாமியார் உரைக்கும்போது அவள் கை எக்குறிப்பைப் பின்பற்றுவது என்பதற்கு அவ்வழிகாட்டுதலில் இயல் ஏதுமில்லை. ஜெனீவாவில் மாமியார் வழக்கு வேறாக இருத்தல் கூடும்.

இறுதியாக, தட்டில் மிஞ்சியது யாருடையது என்னும் வினா. தம் மக்கள் சிறுகையால் அளாவிய கூழ் அமிழ்தினும் இனிது என்னும் பொருளுடைய 64ஆம் குறளுக்கு உரைகண்டோர் மக்கட்பேற்றின் இன்பத்தைப் பேசினர். ஆனால் சுவையறிந்து இனிது என்று கூற வேண்டுமாயின் அக்கூழைப் பெற்றோருள் ஒருவர் உண்டிருத்தல் வேண்டும். ஆகவே பிள்ளை மிச்சம் வைத்தது என்பதும், அது கொட்டப்படவில்லை என்பதும் இக்குறளால் பெறப்படும். இன்றும் ஆறிப்போன அச்சோற்றைக் கொட்ட மனமின்றி, அடுப்படியில் நின்றவாறே, ஒரு வாய் என்று எண்ணாமல் தாயே உண்கிறாள். பின்னர்க் கூடத்திலிருந்து ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டால், ‘ஆச்சு’ என்பது விடை. இவ்வினைமுற்றுக்கு எழுவாய் வெளிப்பட நில்லாமையின் இது தோன்றா எழுவாய் என்று கூடத்து மரபினர் கூறுவர். சமையலறை மரபினரோ, ஒரு வாய்கூட ஒழுங்காக அமையாத இடத்தில் எழுவாய் எங்கிருந்து வரும் என்று கேட்டு, அடுத்த வேளைக்கு உலை வைக்கச் சென்றுவிட்டனர்.