பூட்டிய பீரோவும் தலையில்லாப் பிள்ளையாரும்

அடல் டிங்கரிங் லேப் 2016-இல் வந்த திட்டம். தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பாதி சாமான் வாங்க, பாதி ஐந்து வருஷம் ஓட்ட. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை பிள்ளைகள் பிரிக்கலாம், கோக்கலாம், உடைக்கலாம். உடைந்ததை ஸ்டாக் ரிஜிஸ்டரில் எந்தப் பத்தியில் எழுதுவது என்றுதான் யாரும் சொல்லவில்லை.

அதனால் நான் பொறுப்பாசிரியராக இருந்த பள்ளியில் ஆர்டுயினோ என்ற மின்னணுப் பலகைகள் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தன. சாவி என் இடுப்பில். திறப்பு விழாவன்று முப்பரிமாண பிரிண்டரில் பிள்ளையார் போட்டோம். கழுத்து வரை வந்ததும் கரண்ட் போய்விட்டது. அவருக்கு அது புதிதல்ல. அத்தோடு பிளாஸ்டிக் இழையும் தீர்ந்தது. அடுத்த சுருள் வாங்க மூன்று கொட்டேஷன் வேண்டுமாம்.

இதற்கிடையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் காயலான் கடை பஸ்ஸர், இரண்டு துண்டு ஒயர், ஒரு பழைய பேட்டரியோடு வந்தான்.

“சார், தொட்டி நிரம்புனா இது கத்தும்.”

கத்தியது.

ஆய்வுக்கு அதிகாரி வந்தபோது பிள்ளையாரைத்தான் காட்டினோம். பஸ்ஸர் ரிஜிஸ்டரில் இல்லாத பொருள்.