கொசுவுக்குப் படம் எடுக்கும் பேராண்டிக்கு

ஏ பேராண்டி, பொண்ணு வீட்டுக்குக் குடுக்க ஒரு போட்டோ அனுப்புன்னு உங்கம்மா ஆடி மாசத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருக்கா. உனக்கு நேரமில்ல. பார்சிலோனாவுல உக்காந்துக்கிட்டு கொசுவை மட்டும் முதுகு, வயிறு, பின்னங்காலுன்னு விதவிதமா எடுத்து அனுப்புதியாம். நல்லா இரு. கொசுவுக்காவது நல்ல இடம் அமையட்டும்.

கொசுவைப் படம் எடுத்து ஆராய்ச்சிக்காரங்களுக்கு அனுப்ப, போன்ல 'மஸ்கிட்டோ அலர்ட்'னு ஒரு ஆப் 2014-ல இருந்து ஓடுதாமே, அதுல நீயும் சேந்துட்டியாம். தாத்தா கேலி பண்ணுதாருன்னு நெனைக்காதே. பண்ணத்தான் செய்யுதேன், ஆனா காரியம் சின்னதில்ல. புலிக்கொசு இருக்கே, அது நம்ம ஆசியாக் கண்டத்துப் பய. பழைய டயருக்குள்ள முட்டையா ஒட்டிக்கிட்டே உலகம் சுத்துனவன். முட்டை காஞ்சு கெடந்தாலும் சாகாது, தண்ணி பட்டாப் பொரிச்சிரும். ஸ்பெயினுக்கு 2004-ல, உங்க ஊருக்குப் பக்கத்துல சான்ட் குகாட்ல வந்து தலை காட்டிச்சு. சொந்த றெக்கையில சில நூறு மீட்டர் போறதுக்கே சடைவு படுற சோம்பேறி, ஊர் விட்டு ஊர் எப்படிப் போகுது? ஆராய்ச்சிக்காரங்க கார் காரா ஏறித் தேடிப் பாத்தா, துரை உள்ள உக்காந்து வாரான். பெட்ரோல் காசு குடுக்காம ஊர் சுத்துத ஆளு நம்ம தெருவுலயும் உண்டு, பேரு வேண்டாம்.

2018-ல வடக்க அஸ்தூரியாஸ்ல ஒருத்தர் அனுப்புன படத்தைப் பாத்தா, ஸ்பெயினுக்கே புதுசான ஜப்பான் கொசு. ஐரோப்பாவுல அதுவரைக்கும் தெரிஞ்ச அதோட ஜாகை 1,300 கிலோமீட்டருக்கு அங்கிட்டு. அஸ்தூரியாஸ்ல எவன் பொறி வச்சுக் காத்துக் கெடப்பான்? அதே வருசந்தான் வெளிநாடு போகாத ஆளுகளுக்கே ஸ்பெயின்ல, புலிக்கொசு பரப்புத டெங்கு வந்திச்சு.

அதனால ஒழுங்காச் செய்யி. அறைஞ்சிட்டுப் படம் எடுக்காதே. புலிக்கொசுவுக்கு முதுகு நடுவுல ஒத்தை வெள்ளைக்கோடு. நீ அறைஞ்சு அது அழிஞ்சிட்டா, படத்தைப் பாக்குற நிபுணர் மூணு பேரும் உன் கைரேகையைத்தான் ஆராயணும்.

படம் நெறைய வந்த தெருவுலதான் கொசு அதிகம்னும் நம்பிராதே. அங்க போன் அதிகமா இருக்கும். ரெண்டு வேலை பாத்துட்டு வீடு திரும்புதவன் கொசுவுக்கு ரத்தம் குடுப்பான், படமா எடுப்பான்? அவன் தெரு வரைபடத்துல வெள்ளையாத்தான் கெடக்கும். ஆப் நடத்துதவங்களும் விவரமான ஆளுகதான். எந்தப் பக்கம் எத்தனை பேரு நடமாடுதாங்கன்னு, சம்மதிச்சவன் போன்ல இருந்து ஒரு நாளைக்கு அஞ்சு தடவை உத்தேசமா இடம் குறிச்சுக்கிடுதாங்களாம். ஆளு நெறைய இருந்தும் படம் வரலேன்னாத்தான் அங்க கொசு கொறைச்சல்னு கணக்கு. நீ கொசுவை வேவு பாக்கே, போன் உன்னை வேவு பாக்கு. வரைபடத்துல கட்டம் பெருசாப் போடுதாங்க, எந்தக் கடை வாசல்ல நின்னேன்னு தெரியாதாம். அந்தச் சமாச்சாரத்தை உங்கம்மாகிட்ட நான் இன்னும் சொல்லலை.

இந்தா, நேத்து வீடியோவுல பேசும்போது உன் முதுகுக்குப் பின்னால பால்கனியில மணிபிளாண்ட் தெரிஞ்சுது. தொட்டிக்கு அடியில தட்டு, தட்டு நெறையத் தண்ணி. தெரு வடிகாலுக்கு மருந்தடிக்க மாநகராட்சி ஆளு வருவான், உன் பால்கனிக்கா வருவான்? அதைப் படம் எடுத்து அனுப்பியாச்சா, இல்ல அடுத்தவன் வீட்டுக் கொசுதான் உனக்குக் கண்ணுல படுமா?