திரும்பி வராதவர் கணக்கு

தாலுகா ஊர் கிளினிக். இரவு எட்டு மணி. வெளியே டோக்கன் 47 இருமிக்கொண்டிருக்கிறது. உள்ளே பெரிய டாக்டர். எதிரே, ஆதாரம் சார்ந்த மருத்துவத்தில் இரண்டு நாள் பயிற்சி முடித்து, சான்றிதழின் மை காயாமல் வந்திருக்கும் சின்ன டாக்டர்.

பெரியவர்: ஆதாரம் பார்த்து வைத்தியமா? இத்தனை நாள் என்ன, ஜாதகம் பார்த்தா பண்ணினோம்?

சின்னவர்: இல்ல சார்... இந்தச் சளிக்கு ஆன்டிபயாடிக், காய்ச்சலுக்கு டிரிப்...

பெரியவர்: முப்பது வருஷம் தம்பி! குணமாகலைன்னு ஒருத்தனாவது திரும்பி வந்திருக்கானா?

சின்னவர்: சளி வைரஸ்ல வர்றது சார். மாத்திரை போட்டாலும் போடாட்டாலும் பத்து நாள்ல போயிடும். போகாதவங்க பஸ் ஸ்டாண்டு டாக்டர்கிட்ட போயிருப்பாங்க.

பெரியவர்: அவன்கிட்ட குணமாகாதவன்தான்யா இங்க வர்றான்!

சின்னவர்: அப்ப அவரும் இதே கணக்கைத்தான் சொல்லிக்கிட்டிருப்பார்.

பெரியவர்: எனக்குக் கண்ணால பார்த்தா போதும். மருந்து கொடுத்தேன், ஈ.சி.ஜி. நேராச்சு. இதுக்கு மேல என்ன ஆதாரம்?

சின்னவர்: மாரடைப்பு வந்தவங்களுக்குத் தப்புத்துடிப்பை அடக்க என்கெய்னைடு, ஃபிளெகெய்னைடுன்னு ரெண்டு மருந்து கொடுத்துக்கிட்டிருந்தாங்க. துடிப்பு அடங்கினது உண்மை. சீட்டுக் குலுக்கின மாதிரி ஆளைப் பிரிச்சு, ஒரு பாதிக்கு மருந்து, மறுபாதிக்கு வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்தாங்க. 1991ல முழுக் கணக்கு வந்தது. வெறும் மாத்திரை தின்ன 743 பேர்ல 26 பேர் செத்தாங்க. மருந்து தின்ன 755 பேர்ல 63.

பெரியவர்: (சற்று நேரம் கழித்து) ஈ.சி.ஜி. நல்லா இருந்ததா?

சின்னவர்: ரொம்ப நல்லா இருந்தது சார்.

பெரியவர்: அதெல்லாம் வெள்ளைக்காரன் உடம்பு. நம்ம ஜனங்களை வெச்சு எவனாவது குலுக்கிப் பார்த்தானா?

சின்னவர்: 1956லயே, மெட்ராஸ்ல! காசநோய்க்காரங்கள்ல பாதிப் பேரை சானடோரியத்துக்கு அனுப்பினாங்க. காத்து, ஓய்வு, நல்ல சாப்பாடு. மீதிப் பேர் வீட்டுலயே, நெருக்கடியில, அரை வயித்தோட. மாத்திரை மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணு. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, குணமானது ரெண்டு பக்கமும் ஏறத்தாழ சமம். வீட்டுல இருந்தவங்களால குடும்பத்துக்குக் கூடுதலாத் தொத்தவும் இல்ல.

பெரியவர்: எங்க பெரியப்பா தாம்பரம் சானடோரியத்துல கிடந்துதான் பொழைச்சார். காத்து தம்பி, காத்து! ஆமா, இந்தக் கட்டுரையெல்லாம் முழுசாப் படிச்சியா?

சின்னவர்: ...சுருக்கம் படிச்சேன் சார்.

(ரெண்டு நாள் பயிற்சியில் சுருக்கம் வரைக்கும்தான் போக முடியும்; மதியச் சாப்பாட்டு இடைவேளை வேறு நீளம்.)

பெரியவர்: குடு உன் நோட்டை. இதென்ன? ‘ஆராய்ச்சி, மருத்துவர் அனுபவம், நோயாளி விருப்பம், மூணும் சேர்ந்ததே ஆதார மருத்துவம்.’ அடப்பாவி, இதைச் சொல்லவே இல்லையே! அனுபவம் இங்க உட்கார்ந்திருக்கு. விருப்பம் வெளிய இருமிக்கிட்டிருக்கு. மூணுல ரெண்டு, மெஜாரிட்டி! வரச் சொல்லு அந்த 47ஐ.

சின்னவர்: சார், அதுக்கு அர்த்தம் அப்படி இல்ல. ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு அவருக்கு எடுத்துச் சொல்லிட்டு, அதுக்கப்புறம்தான்...

பெரியவர்: சொல்லேன், யார் வேண்டாங்குறா?

சின்னவர் சொன்னார். வைரஸ், பத்து நாள், தண்ணீர், ஓய்வு, எப்போது பயப்பட வேண்டும், எல்லாம் சேர்த்துப் பதினோரு நிமிடம். டோக்கன் 47 பொறுமையாகக் கேட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டே பெரியவர் பக்கம் குனிந்தார்.

“பாவம், தம்பிக்கு இன்னும் ஊசி போட வரலீங்களா?”