கூலியில்லா ராஜதந்திரம்

பன்னாட்டு உறவுகளில் முதுகலை படிக்கும் மயிலாப்பூர் மாணவிக்கு ஐ.நா. தலைமைச் செயலகம் பயிற்சி தரும், சம்பளம் தராது. நியூயார்க் வாடகை அப்பாவின் பி.எஃப். பாடு. உழைப்பவருக்கு நியாயமான ஊதியம் வேண்டும் என்று 1948-இல் மனித உரிமைப் பிரகடனத்தின் 23-ஆம் பிரிவில் எழுதியதும் இதே ஐ.நா.தான், அதை நகலெடுக்கும் வேலை பயிற்சிப் பணியாளருக்குக் கிடைக்கலாம். 2015-இல் ஜெனீவாவில் டேவிட் ஹைட் என்ற சம்பளமில்லா ஐ.நா. பயிற்சிப் பணியாளர் கூடாரத்தில் தங்கினார். கவனம் ஈர்க்கத்தான் என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார். இருக்கட்டும், சம்பளமில்லை என்பது நாடகமில்லையே.

“அனுபவமே கூலி” என்பார்கள். அடையாறு வீட்டுக்காரர்கூட அட்வான்ஸை அனுபவமாக வாங்கமாட்டார். காசில்லை என்றால், அதே ஐ.நா. குடும்பத்தின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு (ஐ.எல்.ஓ.) மட்டும் எப்படி உதவித்தொகை தருகிறது? நம் வெளியுறவு அமைச்சகமும் மாதம் 10,000 ரூபாய் தருகிறது. டெல்லியில் தங்குமிடம் மட்டும் உங்கள் சாமர்த்தியம். பேச்சுவார்த்தைப் பயிற்சி அங்கேயே தொடங்கிவிடுகிறது.