ஊஃபர் மாமா

போடியிலிருந்து கூடலூர் வரை ஊருக்கு ஒருவராவது இருப்பார். போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்ப்பார், சின்னமனூரில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பார், உத்தமபாளையத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருப்பார். தொழிலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு பென்சில் பேட்டரி செருகியிருந்தால் அவர்தான் ஆள். சொந்தக்காரப் பிள்ளைகள் வைத்த பெயர் ஊஃபர் மாமா. அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான்.

மாமா பாட்டு கேட்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஸ்பீக்கர் கேட்பவர்: கீழ்ச்சத்தம் தருகிற ஊஃபர் தனியாக, மேல்சத்தம் தருகிற ட்வீட்டர் தனியாக. பல்லவி முடிவதற்குள் எழுந்துபோய், இடது பெட்டியை இரண்டு விரற்கடை உள்பக்கம் திருப்பிவிட்டு, “இப்பக் கேளு மாப்ள” என்பார். மறுபடியும் முதலிலிருந்து. பாட்டுக்குச் சரணம் என்று ஒன்று உண்டு என்பதை அவர் மகள் வாக்கப்பட்டுப் போன ஊரில்தான் தெரிந்துகொண்டாள்.

இது என்ன கிறுக்கு என்று கேட்டால் தேனி மாவட்டத்தையே இழுப்பார். 1980-இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில்தான் வைரமுத்துவின் முதல் பாட்டு. படம் எடுத்த பாரதிராஜா அல்லிநகரம், இசைபோட்ட இளையராஜா பண்ணைப்புரம், எழுதியவர் வளர்ந்தது வடுகபட்டி.

“ஒரே பாட்டுல நம்ம ஊரு மூணு உக்காந்திருக்கு மாப்ள. ட்வீட்டர் கொரகொரன்னா வடுகபட்டிக்கு அவமானம். ஊஃபர் அடங்கிப்போச்சுன்னா பண்ணைப்புரத்துக்கு அவமானம்.”

“அப்ப அல்லிநகரத்துக்கு?”

“அதுக்குத்தான் டிவி இருக்குல்ல.”

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. இளையராஜாவின் பாட்டில் பேஸ் கிடார் சும்மா தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருக்காது, அடியில் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும். பஸ்ஸிலும் டீக்கடையிலும் காலமெல்லாம் மேல்பாட்டை மட்டும் கேட்டவர்களுக்கு, நல்ல பெட்டியில் அந்த அடிப்பாட்டு காதில் விழுகிற நாள் லேசான நாளல்ல. மாமாவுக்கு அந்த நாள் வந்தது. அன்றோடு குடும்பம் நிம்மதி இழந்தது.

ஆரம்பம் பானையில்தான். அந்த வயசுக்காரர்கள் எல்லோரும் செய்ததுதான்: ஆறு இஞ்ச் ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் பொருத்தி மூலையில் வைப்பது. சத்தம் தெருமுனை வரை போகும். ஆனால் வாய் சிறுத்து வயிறு பெருத்த பானைக்குச் சொந்தமாக ஒரு சுருதி உண்டு. கிடார்க்காரர் எந்த ஸ்வரத்தைத் தட்டினாலும் பானை தன் சுருதியைத்தான் தூக்கிக் காட்டும். எல்லாப் பாட்டும் ‘டொம்’. மாமாவின் அப்பாவுக்கு அந்த டொம்தான் பிடித்திருந்தது. “இதுக்கு மேல என்னடா வேணும்?” என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்கு மாமா இன்றுவரை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பிறகு பிளைவுட் பெட்டி வந்தது. அதற்குள்ளும் ஊஃபரின் பின்பக்கச் சத்தம் பலகைக்குப் பலகை மோதிக் கொடகொடத்தது. மருந்து கையெட்டும் தூரத்திலேயே இருந்தது. போடி, வருசநாட்டுப் பக்கம் இலவம்பஞ்சுக்கா பஞ்சம்? பெட்டிக்குள் பஞ்சைத் தளர்வாக அடைத்தால் உள்ளே அலைகிற சத்தத்தை விழுங்கிக்கொள்ளும். காற்றுப் புகாமல் மூடிய பெட்டியாக இருந்தால், தன் அளவைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி மாதிரியே நடந்துகொள்ளும். அமுக்கி அடைத்தால் மூச்சு முட்டிப்போகும். இந்தப் பக்குவம் பிடிபட மாமாவுக்கு நிறையப் பஞ்சு தேவைப்பட்டது. கடைக்குப் போகச் சோம்பல். வீட்டில் தலையணைகள் ஒவ்வொன்றாக மெலிய ஆரம்பித்தன. பொங்கலுக்கு வந்த சம்பந்தி காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் எழுந்தார். அத்தை வாயே திறக்காமல் பெட்டியைக் கைகாட்டினார். சம்பந்திக்குப் புரியவில்லை. மாமாவோ அவரை ஸ்பீக்கருக்கு முன்னால் உட்காரவைத்து, “இப்பக் கேளுங்க” என்றார். தன் தலையணையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அந்த மனிதருக்கு யார் சொல்வது?

எரிச்சல் என்னவென்றால், மாமா சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நம் வீடுகளில் ஸ்பீக்கர் பெட்டி என்பது பாதி நேரம் அலமாரிதான். மேலே துணி விரித்து, பூ ஜாடி வைத்து, அதன் மேல் கல்யாண ஆல்பத்தைச் சாத்தி, சுவரோடு ஒட்டி மூலையில் தள்ளியிருப்போம். மூலையில் வைத்தால் கீழ்ச்சத்தம் இரண்டு சுவரிலும் பட்டுத் திரும்பி வீங்கும். பாடுகிறவர் குரலை அது அமுக்கும். ஓரிரண்டு அடி முன்னால் இழுத்தாலே குமுறல் தெளியும். ட்வீட்டர் சத்தம் பெரும்பாலும் நேராகப் போகிற குணமுள்ளது, அதனால் காது மட்டத்துக்கு இருக்கவேண்டும். பீரோவின் மேல் ஏற்றினால் அதைக் கேட்பது ஃபேனும் பல்லியும்தான். இரண்டு பெட்டிக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் தள்ளி உட்காரவேண்டும். மாமா வீட்டில் அந்த இடம் சரியாக அடுப்படிக்குப் போகும் வழி. அங்கே நாற்காலியைப் போட்டு அவர் உட்கார்ந்துவிட்டால், பாட்டு முடியும்வரை காப்பி வெளியே வராது. பாட்டும் முடியாது.

பென்சில் பேட்டரி எதற்கு? ஸ்பீக்கர் கம்பியில் பிளஸ் மைனஸ் பார்க்க. பேட்டரியைக் கம்பி முனைகளில் பிளஸுக்குப் பிளஸாக ஒரு நொடி தொட்டால் ஊஃபரின் கோன் முன்னுக்கு வரும். மாற்றித் தொட்டால் உள்ளே போகும். இரண்டு பெட்டியில் ஒன்று தலைகீழாக இணைந்திருந்தால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்துப்போகும். பேஸ் போதவில்லை என்று புதுச் செட்டு வாங்கப் புறப்பட்ட பலருக்கு மாமா கம்பியை மாற்றிச் செருகியே வைத்தியம் பார்த்திருக்கிறார். ஆனால் பைசாச் செலவில்லாத வைத்தியத்துக்கு நம் பக்கம் மரியாதை கிடையாது. “மதுரையில இருந்து ஆள் வரச் சொன்னேன்” என்று பொய் சொன்ன பிறகுதான் அவர்கள் காதில் பேஸ் விழுகிறது.

ஒருமுறை குறிப்பிட்ட ஒரு ஸ்வரத்தில் மட்டும் ஜிர்ர்ரென்று சத்தம். பெட்டிகளைக் கழற்றினார், திருகுகளை முறுக்கினார், அடியில் கடப்பாக்கல் போட்டு, கல்லுக்கும் பெட்டிக்கும் நடுவே சைக்கிள் டியூப் துண்டு செருகினார். ஜிர்ர்ர் போகவில்லை. அத்தை அடுப்படியிலிருந்து வந்து, ஷோகேஸில் அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுகளின் மேல் கையை வைத்தார். நின்றுவிட்டது. அதை மாமா இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை; டியூப் துண்டு மெதுவாக வேலை செய்ததாகத்தான் பேச்சு.

புதுமனை புகுவிழாவுக்கு மாமாவை அழைப்பது துணிச்சலான காரியம். எல்லோரும் வாசக்கால் தேக்கா வேம்பா என்று பார்ப்பார்கள். மாமா ஹாலின் நடுவில் நின்று பளாரென்று கைதட்டுவார். யாரையோ கூப்பிடுகிறார் என்று பந்திக்காரப் பையன் ஓடிவருவான். டைல்ஸ் தரை, வெறும் சுவர். தட்டிய சத்தம் இரைந்துகொண்டே திரும்பும். “எக்கோ அடிக்குதப்பா. ஜமுக்காளம் விரி, சன்னலுக்குக் கனமாத் திரை போடு” என்பார் வீட்டுக்காரரிடம். லட்ச லட்சமாகக் கொட்டி டைல்ஸ் பதித்தவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டுமே.

போன ஆவணியில் கம்பத்தில் ஒரு வீட்டு விசேஷம். மொய் மேசைக்கு முன்னால் மாமா நின்றார். கவர் இல்லை. பையிலிருந்து சுருட்டிய ஒயரை எடுத்து வைத்தார். செட்டோடு வருகிற நூல் மாதிரி ஒயர் அவருக்கு ஆகாது. வீட்டு ஒயரிங் செம்புக் கம்பியே போதும், அதிலும் ரெண்டரை ஸ்கொயர் கனம் இருந்தால் தாராளம் என்பது அவர் கட்சி.

மொய் எழுதியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். “அண்ணே, இத எப்படி எழுதுறது? நாளைக்கு உங்க வீட்டு விசேஷத்துல அவுக திருப்பிச் செய்யணும்ல?”

“ரெண்டரை ஸ்கொயர், நாலு மீட்டர்னு எழுதுப்பா. திருப்பிச் செய்யும்போது அஞ்சு மீட்டரா வரட்டும்.”

எழுதினார். பெயர், ஊர், ஒயர். நோட்டை மூடப்போனவரை மாமா தடுத்தார்.

“சிவப்பு பிளஸ், கருப்பு மைனஸ். அதையும் சேத்து எழுது.”