குடும்ப வேன் பயணத் திட்டமிடல்: தா.பழூர் வட்டார மரபு குறித்த ஓர் ஆய்வு

நெடும்பயணங்கள் பற்றி அறிஞர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். ஆனால் தா.பழூர்க் குடும்பம் ஒன்று, 12 பேர் உட்காரும் டெம்போ டிராவலரில் 18 பேராகக் கேளிக்கைப் பூங்காவுக்குக் கிளம்புவது எப்படி என்று ஆராய எவரும் முன்வரவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வரலாற்றுப் பின்னணி. ஜெயங்கொண்டம் தாண்டினால் வரும் கங்கைகொண்ட சோழபுரம், முதலாம் ராசேந்திரனின் படை கங்கை வரை போய் நீர் கொண்டுவந்ததன் நினைவாக எழுந்த ஊர். அப்படையெடுப்பின் அரசியலில் நமக்கு அக்கறையில்லை. வெளியூர்ப் பயணத்தில் தண்ணீர் சுமப்பது இவ்வட்டாரத்தில் ஆயிரம் ஆண்டுப் பழக்கம் என்ற முடிவே போதும். வேனில் கால் வைக்கும் இடத்தை 20 லிட்டர் கேன் அடைத்துக்கொள்வதற்கு இதைவிடப் பழைய சான்று கிடைக்காது.

அமெரிக்கர்கள் அடுப்பு, கட்டில், கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியில் போகிறார்கள். 1971-ல் புளோரிடாவில் டிஸ்னி உலகம் திறந்தபோது, இவ்வண்டிகள் வந்து தங்க ஒரு முகாமும் அதே ஆண்டு திறந்தது. நம் வேனில் அடுப்பு கிடையாது. எனவே அடுப்பு வேலை முந்தின ராத்திரியே முடிந்து, புளிசாதம் அண்டாவிலும் தயிர்சாதம் தூக்குவாளியிலும் ஏறிவிடும். கழிவறைக்குப் பெட்ரோல் பங்க். கட்டிலுக்குப் பக்கத்து சீட்டுக்காரர் தோள்.

அடுத்தது போகுமிடம். திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறந்ததிலிருந்து பிள்ளைகள் வேறு பெயரை உச்சரிப்பதில்லை. அதை நடத்தும் நிறுவனத்தைத் தொடங்கியவர், வி-கார்டு ஸ்டெபிலைசர் தந்த கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி. வோல்டேஜ் ஏறி இறங்காமல் நம் டிவியைக் காத்தவரே, நம்மை ஏற்றி இறக்கவும் ஏற்பாடு செய்திருக்கிறார். அங்குள்ள பெரிய ரோலர் கோஸ்டருக்குப் பெயர் தஞ்சோரா. நம்மூர்ப் பக்கம் மதனத்தூர்ப் பாலம் ஏறி இறங்கினால் தஞ்சாவூர் மாவட்டம். தஞ்சோராவில் ஏற வேண்டுமானால் வடக்கே 200 கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும்.

இனி, ஆய்வின் மையமான கருதுகோளுக்கு வருவோம்: வேனின் வழியைத் தீர்மானிப்பது டிரைவரோ கூகுள் வரைபடமோ அல்ல, அப்பாயியின் வேண்டுதல்கள். களத்தில் பதிவான உரையாடல் வருமாறு.

"ராட்டினம் சுத்தறதுக்கா அம்புட்டுத் தொலவு? நான் வரல."

"திருப்போரூர் முருகன் கோயிலு பக்கத்துலதான் அப்பாயி."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்னடா?"

இவ்வொப்புதலை வெற்றி என்று கருதுவது இளம் ஆய்வாளர்கள் செய்யும் பிழை. ஒரு முருகன் உள்ளே வந்துவிட்டால் மற்றத் தெய்வங்களை வெளியே நிறுத்த முடியாது. வடலூர் வழியில்தான் இருக்கிறது. வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு தருமச்சாலையில் இன்னும் எரிகிறது. அங்கே ஒரு வாய் சாப்பிடாமல் தாண்டக் கூடாது என்பார் பெரியப்பா, காலடியில் அண்டா நிறையப் புளிசாதம் இருப்பதை மறந்து. திண்டிவனத்துக்கு முன்னால் கொஞ்சம் உள்ளே போனால் மயிலம். அப்புறம் மேல்மருவத்தூர், அதுவோ ரோட்டு மேலேயே. "வழியிலதானே" என்ற சொல்லுக்கு எதிராக இதுவரை எந்தக் குடும்பத்திலும் வாதம் வென்றதாகத் தெரியவில்லை. பூங்காவோ மாலையில் மூடிவிடும். கோயில்கள் போக மிஞ்சுவதே பிள்ளைகளின் பங்கு.

இருக்கை ஒதுக்கீடு தனி நூலுக்குரியது. சுருக்கமாகச் சொன்னால், முன் சீட்டு வாந்தி எடுப்பவருக்கு. இவ்விதி அறிவிக்கப்பட்ட மறுகணம், பிறந்ததிலிருந்து வாந்தியே எடுத்திராத சித்தப்பாவுக்கும் அடிவயிற்றைப் பிசையத் தொடங்குகிறது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி அவர் ஏறி உட்கார்ந்துவிட, உண்மையான நோயாளியான அத்தை கடைசி வரிசையில் பாலித்தீன் பையோடு மீன்சுருட்டி வரைகூடத் தாங்குவதில்லை. மீதிப் பேருக்கு மடி. மடியை இருக்கையாகக் கணக்கிடச் சட்டம் ஒப்புவதில்லை, குடும்பம் ஒப்புகிறது.

பூங்கா வாசலில் நம் மரபுக்கும் நவீனத்துக்கும் நேரடி மோதல். அரசுப் பேருந்தில் 5 வயது வரை டிக்கெட் இல்லை, 12 வரை அரை டிக்கெட். வயது என்பது தாயின் வாய்மொழி சார்ந்தது. பல பிள்ளைகள் நடத்துநர் முன்னிலையில் ஆண்டுக்கணக்கில் நாலு வயதிலேயே நின்றிருக்கிறார்கள். பூங்காக்காரர்கள் வயதைக் கேட்பதே இல்லை. சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளக்கிறார்கள். "முட்டிய லேசா மடிச்சுக்கடா" என்று அம்மா காதில் ஓதியும் பலனில்லாமல், ஆறாம் வகுப்புப் பையன் முழு டிக்கெட்டாக வளர்ந்துவிடுகிறான்.

உள்ளே வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியில்லை. அதனால் அண்டா, வாகன நிறுத்துமிடத்தில் வேன் நிழலிலேயே காலியாகிறது. தண்ணீர் விளையாட்டுகளுக்குச் சேலை ஆகாது, நைலான் உடைதான் என்பார்கள். அத்தைமார் 12 பேரின் செருப்பு, செல்போன், பர்ஸ்களுக்குக் காவலாகப் பெஞ்சில் உட்கார, முழுக் கட்டணம் செலுத்திய காவலாளிகள் என்ற அரிய பிரிவு உருவாகிறது. டிரைவர் அண்ணன் மட்டும் ஜன்னலில் துண்டு கட்டி, சீட்டைச் சாய்த்து, பேட்டா வாங்கிக்கொண்டு தூங்குகிறார்.

ஊர் திரும்பியதும் கணக்கு. டீசல், டோல்கேட், பேட்டா எல்லாம் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று பெரியப்பா அறிவிப்பார். பூங்கா வாசலில் பெரியவனாக அளக்கப்பட்ட அதே பையனுக்காக அவன் அப்பா எழுந்திருப்பார்: "அவன் சின்னப் பையன்ணே. போக வர மடியிலதானே வந்தான்?"